கையுறைக்குள் வந்த நற்கருணை

1

என் மகள் மித்ரா படிக்கும் பள்ளியில் மாதத்துக்கு ஒரு நற்குணம் உண்டு. வண்ணக் காகிதத்தில் பெரிதாக எழுதி நுழைவாயிலில் ஒட்டிவிடுவார்கள். பள்ளி திறந்ததும் பொறுமை. அடுத்து உண்மை. பிறகு நன்றியறிதல். இந்த மாதம் இறைநம்பிக்கை.

என் கணவர் செந்தில் அதைப் படித்துவிட்டு, மித்ராவின் குளிர்ச்சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "பொறுமைக்கு முயற்சி வேணும். பொய் சொல்லாம இருக்கறதுக்கு அதைவிட முயற்சி வேணும். சாமிய நம்பறதுக்கு என்ன முயற்சி? சொன்னதுக்குத் தலையாட்டுனாப் போதும். இதெப்படிங்கம்மிணி நற்குணம் ஆகும்?"

ஆசிரியை அருகில் நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பயந்தேன்.

அயர்லாந்தின் நடுப்பகுதியில் உள்ள இந்தச் சிறிய ஊருக்கு வந்து நான்கு வருடமாகிறது. இருவருக்கும் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே. நான் பெருமாட்டி, செந்தில் சித்தூர். இருவரும் சித்தூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் படித்தோம். இப்போது அவர் பால்பொடித் தொழிற்சாலையில், நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக.

அருகில் இருப்பது திருச்சபைப் பள்ளி ஒன்றுதான். சேர்க்கைப் படிவத்தில் மதம் என்ற கட்டத்துக்குக் கீழே, பிள்ளை சமய வகுப்பில் உட்காரச் சம்மதமா என்று ஒரு கேள்வி இருந்தது. சம்மதம் என்று குறித்தேன். ஏன் என்று செந்தில் கேட்டபோது, இல்லாவிட்டால் அந்த நேரத்தில் அவள் மட்டும் கடைசிப் பெஞ்சில் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பாள் என்றேன். அது உண்மைதான். ஆனால் முதல் நாளே வேறுமாதிரியான குடும்பம் என்று யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்ற பயம் அதைவிடப் பெரிய உண்மை.

2

ஜெசிந்தா அக்கா இடுக்கியில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். அவர் அம்மா கொழுந்து எடுத்துப் படிக்கவைத்த பிள்ளை. என் முதியோர் இல்லத்தில் நர்ஸ். பழக ஆரம்பித்த புதிதில் வெகுநாள் வரை எங்களுக்குள் மலையாளத்தில்தான் பேசிக்கொண்டோம். கேரளத்துக்காரி என்றால் மலையாளி என்று அவர் என்னையும், நான் அவரையும் நினைத்திருக்கிறோம். ஒருநாள் நடைக்கூடத்தில் நின்று தொலைபேசியில் மித்ராவைத் திட்டிக்கொண்டிருந்தேன். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏ பிள்ள, நீ தமிழா?"

அன்றிலிருந்து இந்த ஊரில் சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்ட எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. எங்கள் பேச்சைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். "உங்க ஊர்ல நாய விரட்டணும்னாலும் 'போங்க'ன்னுதான் சொல்லுவியளோ?" என்று செந்திலைச் சீண்டுவார். செந்தில் விடமாட்டார். "நல்ல நாயா இருந்தாச் சொல்லுவமுங்க்கா" என்பார்.

முதியோர் இல்லத்தில் என்னை எடுத்ததே ஞாயிறும் வருவேன் என்றதால்தான். செந்திலுக்குச் சனிக்கிழமை இரவு வேலை. ஞாயிறு காலையில் தூங்கியாக வேண்டும். அதனால் ஞாயிறுதோறும் அக்கா தன் மகன் ஆல்பினோடு மித்ராவையும் தேவாலயத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்ப வீட்டில் விடுவார். முதல் தடவை கூட்டிப்போவதற்கு முன் என்னிடம் தனியாகக் கேட்டார்: பூசைக்குக் கூட்டிட்டுப் போகலாமா, உங்க வீட்ல ஒண்ணும் நினைக்க மாட்டாங்களே. நினைக்க என்ன இருக்கிறது என்றேன். எங்கள் பக்கத்தில் மாதாகோவில் திருவிழாவுக்கு எல்லோரும்தான் போவோம். அங்கே கொடுக்கும் உப்பும் மிளகும் எங்கள் வீட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

நற்கருணை அப்பம் வாங்க வரிசை போகும்போது, புதுநன்மை என்ற முதல் நற்கருணையை இன்னும் எடுக்காத பிள்ளைகள் இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு போக வேண்டும். பாதிரியார் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார், அவ்வளவுதான். மித்ராவும் ஒரு வருடமாக அப்படித்தான் போய்வந்தாள். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று கைகட்டிப் பார்ப்பாள்.

3

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வேலை முடிந்து கதவைத் திறந்தபோது அப்பாவும் மகளும் கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு. பக்கத்தில் மித்ராவின் சிவப்புக் கம்பளிக் கையுறை. செந்தில் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"அம்மா, இது உங்களோடது" என்று மித்ரா தட்டை நீட்டினாள்.

தட்டில் வெள்ளையாக, காகிதம்போல மெல்லியதாக ஒரு துண்டு. வட்டமாக இருந்ததை மூன்றாக உடைத்திருக்கிறாள் என்பது விளிம்பைப் பார்த்ததும் தெரிந்தது.

"என்ன கண்ணு இது?"

"சர்ச் பிரசாதம்."

தட்டை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் முதியோர் இல்லத்துக்கு ஒரு பெரியவர் சிறிய உலோகப் பெட்டியில் நற்கருணையைக் கொண்டுவருவார். ஒருமுறை நினைவு தப்பிய ஒரு முதியவர் அதை வாயில் வாங்கித் துப்பிவிட்டார். நாங்கள் மற்ற நாளில் துடைப்பதைப் போலத் துடைக்கப் போனேன். ஜெசிந்தா அக்கா என் கையைத் தட்டிவிட்டார். தானே எடுத்து ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டு, கரைகிறவரை கூடவே நின்றார். கரைந்ததும் வெளியே எடுத்துப்போய் மண்ணில் ஊற்றினார். அன்று முழுக்க அவர் முகம் சரியாகவே இல்லை. அவருக்கு அது மாவு இல்லை. அது ஆண்டவரின் உடல்.

மித்ராவிடம் கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினேன். அன்று வழக்கமான பாதிரியார் இல்லை. கூட்டம் அதிகம் என்று ஒரு வயதான பாட்டி ஒரு வரிசைக்குக் கொடுத்திருக்கிறார். மித்ரா கையை நெஞ்சில் கட்டவில்லை. இடது கைமேல் வலது கையை வைத்து, சற்றே குழித்து, நீட்டியிருக்கிறாள். திருநீறும் தீர்த்தமும் வாங்க நாங்கள் சொல்லிக்கொடுத்த முறை. அவ்வளவு அடக்கமாக நீட்டினால் யார்தான் கொடுக்கமாட்டார்கள்?

"சரி, வாங்குனியே, ஏன் அங்கயே சாப்பிடல?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "நீங்கதானேம்மா சொன்னீங்க? பிரசாதத்தத் தனியா சாப்பிடக் கூடாது, வீட்டுக்குக் கொண்டாந்து எல்லாருக்கும் குடுத்துட்டுத்தான் சாப்பிடணும்னு."

அப்போது தொலைபேசி அடித்தது. அக்காதான். மித்ராவை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் ஆல்பின் வாயைத் திறந்திருக்கிறான். மித்ரா கையில் ஏதாவது கொண்டுவந்தாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"தொடாத பிள்ள. யாரும் தொட வேண்டாம். நான் வாரேன்."

செந்தில் எழுந்து நின்றார். அவர் முகத்திலும் விளையாட்டு போய்விட்டது. "அவளே முழுசா சாப்பிட்டுட்டான்னு சொல்லிப்போடு. மிச்சத்த நீ வாயில போட்டுக்க. அக்காளுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"ஒரு மாவு வில்லைக்கு எவ்வளவு உண்மை வேணும்?"

4

தட்டை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலருகே நின்றேன். அக்காவின் வீடு ஊரின் அந்தக் கோடியில். அவர் வரும்வரை எனக்கு நினைவில் வந்ததெல்லாம் பெருமாட்டியில் எங்கள் தென்னந்தோப்பும் என் அப்பாவும்தான்.

கிணறு வற்றிய வருடம். ஆழ்துளைக் கிணறு எங்கே போடுவது என்று அப்பா மாரியம்மன் கோவிலில் பூக்கேட்டார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டி அம்மன் முன் போடுவார்கள். சிறுபிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. எடுத்தது நான். வெள்ளை வந்தது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

குழாய் இறங்க இறங்கப் புழுதிதான் வந்தது. தென்னை மட்டையெல்லாம் வெள்ளையாக மாவு பூசியதுபோல் நின்றது. அம்மன் பொய் சொல்லமாட்டாள், நமக்கு நேரம் வரவில்லை என்றார் அப்பா. வேறிடத்துக்கு மறுபடி பூக்கேட்டார். மறுபடி என் கை. மறுபடி வெள்ளை. மறுபடி புழுதி. இவ்வளவுக்குப் பிறகும் அசையவில்லை பார், பக்தி என்றால் இது பக்தி என்று ஊரில் அப்பாவைப் புகழ்ந்தார்கள். அம்மா வளர்த்த கறவை மாடுகளை அந்தச் செலவுக்கு விற்றாயிற்று. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அம்மா அப்பாவிடம் எதிர்த்துப் பேசியே நான் கேட்டதில்லை. மூன்றாம் முறை என்னைக் குளிக்கவைத்துக் கூட்டிப்போக அப்பா வந்தபோது அம்மா வாசலை மறித்து நின்றார். "நீங்களும் சாமியும் பாத்துக்கங்க. எம்பட புள்ள கைய இதுக்கு இழுக்காதீங்க."

அப்பாவின் நம்பிக்கையை நான் இன்றுவரை குறைத்துப் பேசியதில்லை. அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. முழு மனதோடு நம்பினார். ஆனால் அவர் நம்பினார், மாட்டை இழந்தது அம்மா. பொட்டலத்தை எடுத்தது நான். அதற்குப் பிறகு பல வருடம் எனக்கு எதைத் தேர்ந்தெடுப்பதென்றாலும் கை தயங்கும். படிவத்தில் ஒரு கட்டத்தைக் குறிப்பதென்றால்கூட. அப்படியிருக்க, மித்ராவின் கையை இந்த வரிசையில் நானே எப்படி நிற்கவிட்டேன்? பைபிள் கதை கேட்டுவிட்டு வரட்டும் என்று நினைத்தேனா, அல்லது ஞாயிற்றுக்கிழமை வேலை முக்கியம் என்று நினைத்தேனா? பதில் தேடுவதற்குள் அக்காவின் கார் வந்துவிட்டது.

5

அக்கா உள்ளே வந்து காலணியைக் கழற்றினார். கழுத்திலிருந்த துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது கொஞ்சம்தான இருக்கு. மிச்சம்?"

செந்தில் சொல்லிக்கொடுத்தது நாக்கு நுனியில் இருந்தது. மித்ரா கடித்துச் சாப்பிட்டாள், இது மட்டும் மிச்சம் என்றால் போதும். அரைப் பொய்தான். நான் தயங்கியதைப் பார்த்து அவர் என் தோளைத் தொட்டார்.

"உள்ளதச் சொல்லு பிள்ள. நீ சொன்னா நான் நம்பிக்கிடுவேன்."

வேறு எப்படிக் கேட்டிருந்தாலும் பொய் சொல்லியிருப்பேன் என்றே தோன்றுகிறது. அதட்டியிருந்தால் நிச்சயமாக. கையுறைக்குள் கொண்டுவந்து மூன்றாக உடைத்ததையும், கம்பளத்தின்மேல் வைத்து உடைத்ததையும், யார் யார் சாப்பிட்டார்கள் என்பதையும் சொன்னேன். செந்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நீங்களுமா?"

"ஆமாங்க்கா."

"என்னன்னு நெனச்சு வாங்குனீங்க?"

"ஒண்ணும் நெனைக்கலீங்க. மக குடுத்தா, வாயில போட்டேன்."

அக்கா தட்டிலிருந்த துண்டைத் தானே வாயில் வைத்துக்கொண்டு கண்மூடி நின்றார். பிறகு மண்டியிட்டு, ஈரத்துணியால் கம்பளத்தை அங்குலம் அங்குலமாக ஒற்றி எடுத்தார். நானும் குனிந்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார். துணியையும் தட்டையும் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றலாம் என்று சுற்றிப் பார்த்தார். எங்கள் வீட்டில் மண் இருப்பது ஒரே இடத்தில்தான். சூடேற்றிக்கு அருகில் நான்கு இலையோடு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் கருவேப்பிலைத் தொட்டி. அதில் ஊற்றினார்.

செந்திலுக்கு மௌனம் தாங்காது. "இனி ரசத்துக்கு இதுல பறிக்கலாமுங்களா, அக்கா?" என்று கேட்டுவிட்டார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் அடுப்படிப் பக்கம் நகர்ந்தார். அக்கா சிரிக்கவில்லை.

மித்ரா அதுவரை சோபாவின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். "ஆன்ட்டி, நான் பேட் திங் பண்ணிட்டேனா?"

"அது சாமி, கண்ணு. சாமியக் கையுறைக்குள்ள போட்டுக் கொண்டு வரலாமா?"

"அம்மா பர்ஸ்ல வச்சிருக்காங்களே."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் பணப்பையில் மாரியம்மன் படம் இருப்பது அவருக்குத் தெரியும். வேலையில் தான் யாருக்காவது ஊசி போடப் போகும்முன் என்னிடம் "உங்கம்மாவையும் கும்பிட்டுக்க பிள்ள" என்று சொல்கிறவர்தான். இப்போது மித்ராவின் முன்னால் உட்கார்ந்து, வீட்டுக்குக் கொடுக்க நினைத்தது தப்பில்லை, அவளுக்கு இன்னும் ஆகாததைக் கேட்காமல் வாங்கியதுதான் தப்பு என்றார். குரல் நிதானமாக இருந்தது.

வாசலில் நான் கேட்டேன், இதைப் பாதிரியாரிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று. பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் தலைவர் அவர்தான். என் மனம் அதற்குள் பள்ளி, அடையாள அட்டை புதுப்பிப்பு, விசா என்று ஓடிவிட்டிருந்தது.

"சொல்லாம இருக்க முடியாதுங்களா, அக்கா?"

"நீ எங்கிட்டச் சொல்லாம இருந்தியா?" என்றார். காரில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

6

அந்த வாரம் முழுக்கப் பள்ளியிலிருந்து ஒரு அழைப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வேலையில் அக்கா எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னார். எந்த முதியவருக்கு எப்போது மருந்து, யார் சாப்பிடவில்லை. ஆனால் ஒருமுறைகூடப் பிள்ள என்று கூப்பிடவில்லை. 'நீங்க' என்றார். மற்றவர்கள் எதிரில் மலையாளத்தில் பேசினார். நாங்கள் தமிழ் என்று தெரியவருவதற்கு முன்னால் பேசிய அதே மலையாளம்.

செந்திலிடம் அழுதேன். அவர், இதுதான் நான் சொன்னது, இவ்வளவு நல்ல மனுசியையும் ஒரு வில்லை இப்படி ஆக்கிவிட்டது, இதையா சுவரில் நற்குணம் என்று ஒட்டுவது என்றார். அவர் சொன்னதில் எனக்குப் பாதி ஒப்புதல். என் அப்பாவை நினைத்தால் முழு ஒப்புதல். ஆனால் கம்பளத்தில் மண்டியிட்ட அந்தப் பெண்ணை நினைத்தால் அப்படியே விட முடியவில்லை. அவர் எங்களைத் திட்டியிருக்கலாம். பிள்ளையைப் பயமுறுத்தியிருக்கலாம். சாமி கண்ணைக் குத்தும் என்று ஒரு வார்த்தை போதும், மித்ரா ஆயுளுக்கும் மறக்கமாட்டாள். அப்படி ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று அந்த நேரம் முழுக்க நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை. அது அவருடைய நம்பிக்கையினாலா, அல்லது நம்பிக்கை இருந்தும் மீதமிருந்த நல்ல குணத்தினாலா? எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு விடுப்பு எடுத்தேன். மித்ராவைக் கூட்டிப்போக வர வேண்டாம், நான் வீட்டில்தான் இருக்கிறேன் என்று முந்தின நாளே அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்ததற்கான குறி வந்தது, பதில் வரவில்லை. முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் வாசலில் கார் நின்றது.

"பிள்ளைய அனுப்பு" என்றார் அக்கா.

"மறுபடியும் ஏதாச்சும் பண்ணிட்டான்னா?"

"என் பக்கத்துல நிப்பா. நீயும் கெளம்பு பிள்ள. வீட்ல இருந்துக்கிட்டுப் பயப்படுறத அங்க வந்து பயப்படு."

பிள்ள என்ற சொல்லைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. முகம் கழுவிக்கொண்டு ஏறினேன். போகும் வழியில் பாதிரியாரிடம் சொன்னதைச் சொன்னார். பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறார். குழந்தை செய்ததில் பாவம் ஏதும் இல்லை, உன்மேலும் இல்லை என்றாராம் அவர். "அவரு சிரிச்சிட்டாரு. எனக்குத்தான் சிரிப்பு வரல. அவள வரிசைல நிறுத்துனது நான்தான. அவ கைய நீட்டும்போது நான் என் நெனப்புல ஜெபிச்சிட்டு நின்னேன்."

கோவில் உள்ளே குளிர். கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்தோம். எல்லோரும் எழும்போது எழுந்தேன், அமரும்போது அமர்ந்தேன். நற்கருணை நேரம் வந்தது. ஆல்பின், மித்ரா, அக்கா மூவரும் வரிசைக்குப் போனார்கள். நான் பெஞ்சிலேயே இருந்து மித்ராவின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசை நகர நகர முன்பெஞ்சுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். பாதி தூரத்தில் அவள் கைகளை நெஞ்சில் கட்டினாள். மூச்சு விட்டேன்.

பிறகுதான் கவனித்தேன். அவளுக்குப் பின்னால் அக்காவும் கைகளை நெஞ்சில் கட்டியிருந்தார். சின்னப் பிள்ளைகளைப் போல, குறுக்காக. பாதிரியார் ஒரு கணம் தயங்கியதுகூட எனக்குத் தெரிந்தது. பிறகு அக்காவின் தலையிலும் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பினார். முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அக்கா ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்குகிறவர் என்று அந்த ஊருக்கே தெரியும்.

செந்தில் இருந்திருந்தால் இது வீம்பு என்றிருப்பார். குற்றமில்லை என்று பாதிரியாரே சொன்ன பிறகும் தன்னைத் தானே பட்டினி போட்டுக்கொள்வது என்ன குணம்? எனக்கும் அது உறுத்தியது. ஆனால் அந்தச் சுமையை அவர் என்மீதும் வைக்கவில்லை, என் பிள்ளை கையிலும் வைக்கவில்லை. இப்படி ஒருவரை நான் எங்கள் தோப்பில் பார்த்ததில்லை.

மூவரும் பெஞ்சுக்குத் திரும்பினார்கள். மித்ரா மெதுவாகப் பேசக் கற்காதவள்.

"ஆன்ட்டி, நீங்க ஏன் வாங்கல?"

"போன வாரம் நான் சரியாப் பாத்துக்கிடலல்லா. அதான்."

"யார? என்னையா, சாமியையா?"

அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"ரெண்டு பேரையும்" என்று சொல்லிவிட்டு மண்டியிட்டார்.